வங்கிகள் அனுப்பும் கண்ட கண்ட லிங்குகளை நிறுத்துங்கள்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும், நாட்டிலுள்ள வங்கிகளின் தலைமை அதிகாரிகளுக்கும்,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வங்கிகளுக்கென்று தனி இணைய முகவரி கொண்டுவந்தீர்கள். 'பேங்க் டாட் இன்' (.bank.in) என்று முடியும் முகவரியை வங்கியாக இல்லாத யாரும் வாங்க முடியாது. 2025 பிப்ரவரி 7ஆம் தேதி நாணயக் கொள்கை அறிவிப்போடு சேர்த்து இதைச் சொன்னீர்கள். ஏப்ரல் 22ஆம் தேதி சுற்றறிக்கை விட்டீர்கள். அக்டோபர் 31க்குள் எல்லா வங்கியும் மாறிவிட வேண்டும் என்று கெடு வைத்தீர்கள். கெடு முடிந்துவிட்டது, பெரிய வங்கிகளெல்லாம் மாறியும்விட்டன. ஆனால் யாருடைய பணத்தைக் காப்பாற்ற இதைச் செய்தீர்களோ அவர்களுக்கு இப்படி ஒன்று வந்திருப்பதே தெரியாது. அதைவிட மோசம், மாறிய வங்கிகளே இன்னமும் வேறு வேறு முகவரிகளுக்குப் போகும் லிங்குகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இதைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

நான் கொழிஞ்சாம்பாறையில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் பொள்ளாச்சி ரோடு, இன்னொரு பக்கம் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர். வடகரப்பதி, எருத்தேன்பதி, ஒழலப்பதி என்று சுற்றிலும் உள்ள ஊர்களில் வீட்டுக்கு வீடு பேசுவது தமிழ்தான். தென்னந்தோப்பு, மாடு, கள்ளு, கொஞ்சம் காய்கறி, இதுதான் பிழைப்பு. பால் சொசைட்டிப் பணம், தொழிலுறப்பு எனும் அரசு வேலை உறுதித் திட்டக் கூலி, பென்ஷன், பையன் திருப்பூரிலிருந்து அனுப்பும் காசு எல்லாம் இப்போது பேங்க் கணக்கில்தான் வந்து விழுகிறது. கையில் போன் இருக்கிறது, போனில் பேங்க் இருக்கிறது. ரீசார்ஜ் செய்ய வருகிறவர்கள் பாதிப் பேர் அப்படியே போனை நீட்டி "ஏனுங்க தம்பி, இது நெசமாங்க?" என்று கேட்கிறார்கள். அவர்கள் காட்டுவது வங்கி பெயரில் வந்த ஒரு மெசேஜ். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லும் நிலையில் நீங்கள் என்னை வைக்கவில்லை. என் குறை இதுதான்.

மற்ற வங்கி அதிகாரிகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் மோசடி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மெசேஜ் வரும். "உங்கள் கணக்கு இன்று இரவு முடக்கப்படும், பான் எண்ணை உடனே புதுப்பிக்கவும்" என்று ஒரு வரி, கீழே லிங்க். தொட்டால் வங்கியின் பக்கம் மாதிரியே அச்சு அசலாக ஒன்று திறக்கும். அதே நீலம், அதே சின்னம், கீழே "உங்கள் ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்" என்ற எச்சரிக்கை கூட இருக்கும். யூசர் ஐடி, பாஸ்வேர்டு கேட்கும். அதை இங்கே இவர் தட்டும்போது அங்கே ஒருவன் அதே விவரத்தை நிஜ வங்கிப் பக்கத்தில் போடுகிறான். நிஜ வங்கி நிஜ ஓடிபியை இவருடைய போனுக்கு அனுப்புகிறது. அதையும் இவர் அந்தப் பொய்ப் பக்கத்தில் தட்டுகிறார். முடிந்தது கதை. இதில் போலியாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்: மேலே இருக்கும் முகவரி. நிறம், சின்னம், எழுத்து, ஓடிபி எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, முகவரியை வைத்து மட்டும்தான் முடியும்.

அந்த முகவரியைப் பார்க்கச் சொல்லி மக்களுக்கு இத்தனை வருடம் என்ன சொல்லிக் கொடுத்தோம்? "பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள்" என்றோம். பல கிளைகளின் சுவரில் இன்னும் அந்தப் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. பூட்டுக்கு அர்த்தம் நம் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான், அந்தத் தளம் யாருடையது என்பதல்ல. திருடனுடைய தளத்துக்கும் அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும். ஜனங்கள் அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்றுதான் கூகுள் குரோம் 2023இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. குரோமே எடுத்துவிட்ட ஒன்றைப் பார்க்கச் சொல்லி இன்னமும் போஸ்டர் ஒட்டிவைத்திருக்கிறோம்.

சரி, பேங்க் டாட் இன்னுக்கு வருவோம். இதை நான் குறை சொல்லவில்லை. நல்ல ஏற்பாடு. முன்பெல்லாம் வங்கி பெயரோடு 'கேஒய்சி', 'அப்டேட்', 'ரிவார்டு' என்று எதையாவது ஒட்டி, யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாயில் ஒரு முகவரி வாங்கலாம். இப்போதும் வாங்கலாம், ஆனால் பேங்க் டாட் இன் என்று முடிகிற மாதிரி வாங்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் உங்களுடைய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடி ஒன்றுதான் அதைப் பதிவு செய்து தரும், கேட்பவர் வங்கியா இல்லையா என்று பார்த்துத்தான் தரும். இந்த யோசனை புதிதும் அல்ல. பின்லாந்தின் எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தில் இருந்த மிக்கோ ஹிப்பனன் 2007இலேயே வங்கிகளுக்குத் தனி முகவரி வேண்டும் என்று எழுதினார். உலக அளவில் 'டாட் பேங்க்' 2015இல் திறந்தது. வங்கிதானா என்று சரிபார்த்துத்தான் கொடுத்தார்கள், பாதுகாப்பு விதிகளும் கறாராக வைத்தார்கள். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அமெரிக்காவில் ஊர் அளவிலான சிறிய வங்கிகள் நிறைய மாறின, பெரிய வங்கிகள் தங்கள் பழைய 'டாட் காம்' முகவரியிலேயே நின்றுவிட்டன. அதனால் அங்கே வாடிக்கையாளரிடம் "டாட் பேங்க் இல்லையென்றால் அது போலி" என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இந்தியாவில் நீங்கள் கட்டாயம் என்றீர்கள். அதுதான் இதில் உண்மையான பலம், என் பார்வையில். "பேங்க் டாட் இன் இருந்தால் நிஜம்" என்பதைவிட "பேங்க் டாட் இன் இல்லையென்றால் தொடாதே" என்பதுதான் ஜனங்களைக் காப்பாற்றும். முதல் வரியை எல்லா மெசேஜிலும் உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வரி ஒரு கட்டளை, பால் ஊற்ற வந்த அக்கா கூட மனசில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது வரி நிற்க வேண்டுமென்றால் வங்கிகள் வேறு எந்த முகவரியையும் எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. ஒரு வங்கி ஒரு தடவை மீறினாலும் அந்த வரி பொய்யாகிவிடும். அப்புறம் அதைச் சொன்ன என்னையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மீறல் எப்படி நடக்கிறது என்று என் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தேங்காய் வியாபாரி, கொஞ்சம் வசதியானவர், கிரெடிட் கார்டு வைத்திருப்பவர், ஒரு மெசேஜைக் காட்டினார். கார்டு வரம்பை உயர்த்தித் தருகிறோம், இங்கே தொடவும் என்று ஒரு குறுக்கிய லிங்க். முன்னால் ஆறேழு ஆங்கில எழுத்து, நடுவில் ஒரு சாய்கோடு, பின்னால் அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும். வங்கியின் பெயர் கூட முழுதாக இல்லை, பேங்க் டாட் இன் மருந்துக்கும் இல்லை. நான் தொடாதீர்கள் என்றேன். அவர் விடவில்லை, என் முன்னாலேயே கிளைக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் இருந்த அதிகாரி லிங்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு "அது எங்களுதுதான், மார்க்கெட்டிங்கிலிருந்து அனுப்புறாங்க, தைரியமா அமுக்குங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அது உண்மையிலேயே அந்த வங்கி அனுப்பியதுதான். அந்த வங்கி பேங்க் டாட் இன்னுக்கு மாறிவிட்ட வங்கி.

அந்த நிமிடம் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அறிமுகமில்லாத ஒரு லிங்கைத் தொடலாம் என்று வாடிக்கையாளருக்கு வங்கியே பாடம் நடத்தியது. அடுத்த முறை அதே மாதிரி குறுக்கிய லிங்க் ஒரு திருடனிடமிருந்து வரும். அவர் என்னிடம் காட்டக் கூட மாட்டார். ஏன் காட்ட வேண்டும், போன தடவை நான் சொன்னதுதானே தப்பாகப் போயிற்று!

இன்னொன்று. எங்கள் ஊர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். லிங்க் எதையும் தொட மாட்டார், வங்கி முகவரியைத் தானே எழுத்து எழுத்தாகத் தட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் உள்ளே போவார். நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ அப்படிப்பட்ட வாடிக்கையாளர். ஒருநாள் வழக்கமான முகவரியைத் தட்டினார், பக்கம் தானாக வேறொரு முகவரிக்குத் தாவியது. டாட் காம் இருந்த இடத்தில் பேங்க் டாட் இன். பயந்துபோய்ப் போனை அணைத்துவிட்டு வெயிலில் பஸ் ஏறிக் கிளைக்குப் போனார். கவுண்டரில் இருந்தவருக்கும் தெரியவில்லை. "சர்வர் பிரச்சினையா இருக்கும் சார், ரெண்டு நாள் கழிச்சு பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் என் கடைக்கு வந்தார். நான்தான் ரிசர்வ் வங்கி அறிவிப்பைக் காட்டி, சார் இது நிஜம், இனிமேல் இதுதான் சரியான முகவரி என்றேன். கவனமாக இருப்பவருக்கு நிஜமே போலியாகத் தெரிந்தது. அவருடைய தப்பு இதில் ஒன்றுமில்லை. முகவரியை மாற்றிய வங்கி தன் வாடிக்கையாளருக்கும் சொல்லவில்லை, தன் ஊழியருக்கும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் எந்த மொழியில் சொல்லியிருப்பார்கள் என்பது எங்கள் பக்கத்துக்கே உரிய தனிக் கவலை. இங்குள்ள கிளைகளில் அறிவிப்புகள் மலையாளம், இந்தி, ஆங்கிலம். மலையாளம் எங்களுக்குப் பேச வரும், கேட்டால் புரியும், ஆனால் தமிழ் மீடியத்தில் படித்த ஐம்பது வயதுக்காரருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. மெசேஜ்கள் பெரும்பாலும் ஆங்கிலம். வேடிக்கை என்று சொல்ல மாட்டேன், வேதனை: திருடர்கள் தமிழில் அனுப்புகிறார்கள். ஓட்டைத் தமிழ்தான், மெஷின் எழுதிய தமிழ்தான், ஆனாலும் தமிழ். கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டமே இங்குள்ள தமிழ், கன்னட மக்கள் மாநில அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம் என்று இடம் தந்திருக்கிறது. தாலுகா ஆபீஸுக்குத் தமிழில் மனு எழுதும் உரிமை இருக்கிற ஊரில், என் பணத்துக்கு ஆபத்து என்று சொல்ல வங்கிக்குத் தமிழில் ஒரு வரி கிடைக்காதா?

இந்த முகவரி எல்லா மோசடியையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். இப்போது அதிகமாக வருவது வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல். வங்கியின் பெயர் போட்ட ஃபைல், அல்லது வண்டிக்கு ஃபைன் வந்திருக்கிறது என்று ஒரு ஃபைல். அதைத் திறந்து நிறுவிவிட்டால் மெசேஜ்களை அது படித்துக்கொள்ளும், ஓடிபி தானாகப் போய்விடும். அங்கே முகவரி என்று ஒன்றே கண்ணில் படாது. போலீஸ் உடை போட்டுக்கொண்டு வீடியோ காலில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறவனுக்கும் முகவரி தேவையில்லை. 2024இல் சைபர் மோசடியில் நாட்டு மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் மக்களவையில் கணக்கு சொன்னது, அதற்கு முந்தைய வருடம் 7,465 கோடி. அதில் எல்லா வகையும் அடக்கம், போலி வங்கிப் பக்கம் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்கை அடைக்கும் வழி உங்கள் கையில் தயாராக இருக்கிறது, அதை முழுதாகப் பயன்படுத்தாமல் விட்டால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பங்கிலும் திருடன் சும்மா இருக்க மாட்டான். வங்கி பெயர், அப்புறம் பேங்க் டாட் இன், அதற்கும் பின்னால் வேறு ஏதோ ஒரு பெயரும் 'டாட் டாப்'பும் என்று நீட்டி எழுதுவான். பேங்குக்கும் இன்னுக்கும் நடுவில் புள்ளிக்குப் பதில் ஒரு சின்னக் கோடு போடுவான், கடைசியில் டாட் காம் வைப்பான். பேங்க் டாட் இன் என்ற எழுத்துக்கள் எங்காவது இருந்தால் போதும் என்று ஜனங்கள் நினைத்துவிட்டால் இதெல்லாம் பலிக்கும். தொடக்கத்தில் வரும் https:// போக, அதற்கு அடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில், பேங்குக்கு முன்னாலும் பின்னாலும் புள்ளி வைத்து அது இருக்க வேண்டும். இதை நான் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன், விரலை வைத்துக் காட்டிக் காட்டிச் சொல்கிறேன். எழுதப் படிக்கச் சுமாராகத் தெரிந்தவர்கள் கூட இரண்டு மூன்று தடவை காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, அந்த எழுத்துக்களின் உருவமும் அவை இருக்கும் இடமும் தெரிந்தால் போதும். ரூபாய் நோட்டில் காந்தி நிழலையும் வெள்ளிக் கம்பியையும் பார்க்க இந்த நாட்டில் படிக்காதவருக்கும் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். அதே அளவு முயற்சியை இதற்கும் போடுங்கள் என்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, மும்பையில் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படாமல் போகலாம். கேரளத்தில் ஊருக்கு ஊர் 'சர்வீஸ் சககரண பேங்க்' இருக்கிறது. போர்டில் பேங்க் என்றுதான் இருக்கும், ஜனங்கள் டெபாசிட் வைத்திருக்கிறார்கள், நகை அடகு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை கூட்டுறவுச் சங்கங்கள், உங்கள் கணக்கில் வங்கி அல்ல. 2020ஆம் வருட சட்டத் திருத்தத்துக்குப் பின் அந்தச் சங்கங்கள் பேங்க் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2021 நவம்பரில் நீங்களே எச்சரிக்கை அறிவிப்பு விட்டீர்கள். அவற்றுக்குப் பேங்க் டாட் இன் கிடைக்காது. ஆனால் மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை இணைத்து 2019இல் உண்டான கேரள வங்கி உங்கள் உரிமம் பெற்ற வங்கி. கூட்டுறவு என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைக்கும் ஒரு விவசாயிக்கு, இதற்கு அந்த முகவரி இருக்கும், அதற்கு இருக்காது என்று யார் விளக்குவது? பெயர்ப் பஞ்சாயத்தில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. அந்தச் சங்கங்களில் பணம் வைத்திருப்பவர்கள் எந்த முகவரியை நம்ப வேண்டும் என்று நீங்களும் மாநிலக் கூட்டுறவுத் துறையும் உட்கார்ந்து ஒரு வழி சொல்லியே ஆக வேண்டும். நகைக்கடன் நிறுவனங்களும் அப்படித்தான். வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு 'ஃபின் டாட் இன்' என்று தனியாக ஒன்று வரும் என்று அதே 2025 பிப்ரவரியில் சொன்னீர்கள். அக்டோபர் கெடுவோ வங்கிகளுக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் வங்கிக்குப் போகிறவர்களைவிட நகைக்கடன் கடைக்குப் போகிறவர்கள் குறைவில்லை, அவர்களுக்கும் வட்டி கட்டச் சொல்லி லிங்க் வருகிறது.

பழைய பெயர்கள் வேறு. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரலில் எஸ்பிஐயோடு சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்னமும் எஸ்பிடி என்றுதான் சொல்கிறார்கள். 2019லும் 2020லும் இன்னும் பல பொதுத்துறை வங்கிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அந்தப் பழைய பெயரில் ஒரு லிங்க் வந்தால் நம்புவதற்கு இங்கே ஆள் இருக்கிறது. பேங்க் டாட் இன்னுக்கு மாறியாயிற்று என்று பழைய முகவரிகளுக்குப் பணம் கட்டாமல் ஏதாவது ஒரு வங்கி விட்டுவிட்டால், அடுத்த நாள் அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். போலி முகவரி செய்யக் கூட வேண்டியதில்லை, ஒரு காலத்தில் நிஜமாக இருந்த முகவரியே திருடன் கைக்குப் போகும்.

பணம் போன பின் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கும் இந்த முகவரிக்கும் சம்பந்தம் இருக்கிறது. எல்லையில் இருக்கிறோம், கணக்கு பொள்ளாச்சிக் கிளையில், வீடு இங்கே, சிம் எந்த மாநிலத்துடையது என்பது அவருக்கே ஞாபகமில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்வேன், கையோடு அழைத்தும் கொடுப்பேன், அது உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனுக்குப் போனால் அந்தப் பக்கம் போ என்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் போ என்கிறார்கள். எந்த ஸ்டேஷனிலும் எல்லை பார்க்காமல் எஃப்ஐஆர் போடலாம் என்று புதிய சட்டத்தில் இருப்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, அது போலீஸ் விஷயம். உங்கள் விஷயம் வங்கியில் நடப்பது. 2017 ஜூலை 6ஆம் தேதி நீங்கள் விட்ட சுற்றறிக்கைப்படி வாடிக்கையாளருடைய அலட்சியத்தால் பணம் போனால், அவர் வங்கிக்குத் தகவல் சொல்லும் வரைக்கும் போன பணம் அவருடைய நஷ்டம். வங்கிகள் பிடித்துக்கொள்வது இந்த வரியைத்தான். "நீங்களே லிங்கைத் தொட்டீர்கள், நீங்களே ஓடிபி கொடுத்தீர்கள், உங்கள் அலட்சியம்" என்று ஒரு கடிதம், விஷயம் முடிந்தது. அதே சுற்றறிக்கையில் வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்றும் இருக்கிறது. மாடு விற்ற காசைப் பறிகொடுத்த ஒரு பெண்மணி அந்தக் கடிதத்தை என்னிடம் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டு பத்தி. நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஒன்றும் பேசாமல் முந்தானையில் அந்தக் காகிதத்தை மடித்து மடித்து வைத்துக்கொண்டார். "அலட்சியம்னு எழுதியிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அலட்சியம் யாருடையது? மூன்று விதமான முகவரியிலிருந்து நிஜ லிங்க் அனுப்பிப் பழக்கியது வங்கி. முகவரி மாறியதைச் சொல்லாதது வங்கி. நான்காவதாக ஒரு முகவரியிலிருந்து வந்ததை அவர் நம்பினால் மட்டும் அலட்சியம் அவருடையதா? நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே கேட்கிறேன். வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் எந்த மெசேஜிலும், மெயிலிலும், வாட்ஸ்அப்பிலும் பேங்க் டாட் இன் அல்லாத ஒரு லிங்க் கூட இருக்கக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். கார்டு பரிசுப் புள்ளி, லோன் ஆஃபர், இன்சூரன்ஸ், கருத்துக்கேட்பு என்று விதிவிலக்கு எதுவும் வேண்டாம். மார்க்கெட்டிங் வேலையை வெளி ஆளுக்குக் கொடுத்திருந்தாலும் லிங்க் வங்கியின் முகவரியில்தான் இருக்க வேண்டும். லிங்கைக் குறுக்க வேண்டுமென்றால் பேங்க் டாட் இன்னுக்குள்ளேயே குறுக்கிக்கொள்ளட்டும், தொழில்நுட்பத்தில் அதற்குத் தடை ஒன்றுமில்லை. மெயிலும் அந்த முகவரியிலிருந்தே வரட்டும். மெசேஜில் போடும் லிங்குகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறது. வங்கிகள் பேங்க் டாட் இன் லிங்கை மட்டுமே பதிவு செய்யலாம் என்று அவர்களோடு பேசி ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

இதை மீறும் வங்கியிடம் அபராதம் வாங்குவதைவிட நான் பெரிதாக நினைப்பது வேறு. ஒரு வங்கி கடந்த ஒரு வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் பேங்க் டாட் இன் இல்லாத லிங்க் ஒன்றாவது அனுப்பியிருந்தால், அந்த வாடிக்கையாளர் போலி லிங்கில் ஏமாந்ததை அலட்சியம் என்று சொல்லும் உரிமை அந்த வங்கிக்குக் கிடையாது என்று 2017இல் கொண்டுவந்த அந்த விதியைத் திருத்துங்கள். நஷ்டம் வங்கியுடையது என்று ஆகட்டும். அன்றைக்கே எல்லா மார்க்கெட்டிங் லிங்கும் நின்றுவிடும், நீங்கள் ஆய்வுக்குக் கூட ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

பழைய முகவரிகளை, இணைந்துபோன வங்கிகளுடையதையும் சேர்த்து, வங்கிகள் கைவிடாமல் தங்கள் பெயரிலேயே வைத்திருக்க வேண்டும், புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஃபின் டாட் இன்னுக்கும் வங்கிகளுக்கு வைத்த மாதிரி ஒரு கெடு தேதி வையுங்கள், நகைக்கடன் நிறுவனங்களிலிருந்து ஆரம்பியுங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிக் கேரள அரசோடு பேசுங்கள். வங்கியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களை மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியிருக்கிறது, போனுக்கு 1600, இணையத்துக்குப் பேங்க் டாட் இன் என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ஏபிகே ஃபைல் எந்த வங்கியும் அனுப்பாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

சொல்வது ஜனங்கள் படிக்கும் மொழியில் இருக்கட்டும். சித்தூர் தாலுகா, தேவிகுளம், பீர்மேடு, அந்தப் பக்கம் ஆந்திரத்தின் நகரி, சத்தியவேடு என்று மாநில மொழி ஒன்றும் வீட்டு மொழி இன்னொன்றுமாக இருக்கும் எல்லா எல்லைப் பகுதிகளிலும் கிளைச் சுவரில் தமிழிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கணக்கு தொடங்கும்போது எந்த மொழியில் மெசேஜ் வேண்டும் என்று கேட்டு அந்த மொழியில் அனுப்பட்டும், கிளை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்து அனுப்ப வேண்டாம். மாதம் ஒருநாள் பால் சொசைட்டிக்கு ஒரு ஊழியரை அனுப்பி, கரும்பலகையில் ஒரு முகவரியை எழுதி எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள். காலையில் ஆறரை மணிக்கு வந்தால் எல்லாரும் கேனோடு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள், தனியாகக் கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. அதற்கு முன்னால் அந்த ஊழியருக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்.

இவற்றில் எதையெல்லாம் செய்யப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்று பொது அறிவிப்பாகவே வெளியிடுங்கள். எதையாவது செய்ய முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள், தமிழிலும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மொபைல் கடைக்காரர்